பூனை கொன்ற குருவி யார் கணக்கில்?

பல்லாவரத்துத் தெருக்களில் சில வீடுகளில் இருப்பது பெயர் வைத்து வளர்க்கும் பூனை. இன்னும் பல வீடுகளில், மீன் கழுவும் நேரம் பார்த்து மதில் மேல் நடந்து வந்து கொல்லைப்புறத்தில் உட்காரும் பூனை. செவுளும் வாலும் அதற்குப் போகும். குழந்தை குடிக்காமல் வைத்த பாலும் அதற்கே போகும். வைக்கிற கை இரக்கமுள்ள கை என்பதில் சந்தேகமில்லை. அதே வீட்டுச் செம்பருத்திச் செடியில், கோடை தொடங்கும் மாதங்களில், கொண்டைக்குருவி கூடு கட்டுகிறது. ஆள் உயரம்கூட இல்லாத கிளை. இரண்டு மூன்று முட்டைகள். பொரித்த குஞ்சுகள் இரண்டு வாரத்துக்குள், சிறகு வலுக்கும் முன்னரே, கூட்டை விட்டு இறங்கிவிடும். அடுத்த சில நாட்கள் அவை தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் தத்தித் திரிய, தாயும் தந்தையும் புழுவும் பழமும் கொண்டுவந்து அங்கேயே ஊட்டும். பூனைக்கு அவை எளிதாக அகப்படுவது அந்தச் சில நாட்களில்தான். அந்தக் குஞ்சின் சாவுக்கு யார் பொறுப்பு? பூனையா, இயற்கையா, சோறு வைத்த கையா, பார்த்தும் பேசாமல் போன அக்கம்பக்கமா? பூனைக்குப் பாவமில்லை என்பதே என் பதில். ஆனால் அதை ஊட்டி வளர்த்துத் திரிய விடுகிறவருக்குப் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தெருவே சேர்ந்து சுமக்க வேண்டியது. திரியும் பூனையைக் கண்டால் உரியவருக்குத் தகவல் சொல்வது அதன் முதல் படி. ஜீவகாருண்யம் என்று நாம் போற்றும் அறத்துக்குள்ளேயே இந்தக் கடமை இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கப் பல்லாவரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலை அடிகள், 1911-இல் அந்தப் பணியை விட்டு இங்கே வந்து குடியேறினார். வள்ளலார் வழியில் சமரச சன்மார்க்க அமைப்பை நிறுவினார். புலால் உண்ணாமையையும் உயிரிரக்கத்தையும் பேசியும் எழுதியும் வந்து, 1950-இல் இந்த ஊரிலேயே மறைந்தார். அவர் பின்பற்றிய வள்ளலார், 1867-இல் வடலூரில் தருமசாலை திறந்தபோது, பசி தீர்ப்பதையே ஜீவகாருண்யத்தின் மையமாக வைத்தார். பசித்த பூனைக்குச் சோறு வைப்பது அந்த வழிக்கு உகந்த செயல்தான். ஆனால் அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் அத்தோடு நின்றுவிடவில்லை. ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது ஜீவகாருண்யம் ஆகாது, கடவுள் அருளுக்கு அது சம்மதமும் ஆகாது என்பது அவருடைய திட்டமான நிலை. அவர் பேசியது மனிதன் தன் கையால் செய்யும் கொலையைப் பற்றி. ஆனால் அந்த நியாயத்தின் உள்ளே ஒரு பொதுவிதி இருக்கிறது. ஓர் உயிரிடம் காட்டும் இரக்கத்தின் விலையை, கேட்பாரற்ற இன்னோர் உயிரின் தலையில் கட்டக் கூடாது. பூனைக்கு வைத்த சோற்றின் புண்ணியம் வீட்டாருக்கு வருமென்றால், அந்தச் சோற்றில் வளர்ந்த பூனை செய்வதை அவர்கள் கணக்கிலிருந்து மொத்தமாக அடித்துவிட முடியாது.

இதை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்கள் சமணர்கள். பயன் எதுவுமின்றி உயிர்களுக்கு விளைவிக்கும் தீங்கை அவர்கள் அநர்த்த தண்டம் என்று வகுத்து, இல்லறத்தார் அதை விலக்க வேண்டும் என்றார்கள். கார்த்திகேயானுப்பிரேட்சை என்னும் பிராகிருத நூல், பூனை முதலிய விலங்குகளை வைத்து வளர்ப்பதையும் ஆயுதம் விற்பதையும் ஒரே இடத்தில், ஒரே வகைக் குற்றமாகச் சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யோகசாஸ்திரம் எழுதிய ஹேமசந்திரரும், ஆதாயத்துக்காகப் பூனை, நாய் போன்றவற்றை வளர்ப்பதை விலக்கத்தக்க தொழில்களில் சேர்க்கிறார். பூனையையும் கத்தியையும் ஒன்றாக வைப்பது முதலில் கடுமையாகத் தோன்றலாம். அதன் தருக்கம் எளிது. கத்தி தானாகக் கொல்வதில்லை. பூனை நல்லது கெட்டது அறிந்து கொல்வதில்லை. இரண்டிலும் விளைவை முன்கூட்டி அறியக்கூடியவர் அதை வைத்திருப்பவர் ஒருவரே. எனவே பொறுப்பும் அவரிடமே வந்து சேர்கிறது. சமண நூல்களின் தீர்வு, வளர்க்காதே என்பது. அதை அப்படியே இன்று கைக்கொள்ள முடியாது. பூனைகள் ஏற்கெனவே நம் தெருக்களில் பிறந்து வாழ்கின்றன, அவற்றுக்கும் பசியும் வலியும் உண்டு. ஆனால் அந்த நூல்கள் பொறுப்பை எங்கே வைத்தன என்பது இன்றைக்கும் சரியாக இருக்கிறது.

வைணவ மரபிலும் இதே முடிவுக்கு வரலாம், வேறு வாசல் வழியாக. பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலை 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கே சேவிக்க வரும் பலருக்கும் மார்ஜார நியாயம் தெரிந்திருக்கும். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டிக்கு அந்தக் கவலை இல்லை, தாய் கவ்விக்கொண்டு போகும். இறைவனுடைய அருளும் அப்படித்தான், உயிரின் முயற்சியை எதிர்பாராமல் தானே வந்து எடுத்துக்கொள்ளும் என்பது தென்கலையாரின் கொள்கை. அந்த உவமையில் முழுப் பொறுப்பும் சுமக்கிறவரிடம் இருக்கிறது. சுமக்கப்படும் குட்டியிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. நாம் ஒரு பூனையை வீட்டுக்குள் எடுத்த நாளிலிருந்து சுமக்கிறவர் இடத்தில் நாம் நிற்கிறோம். அது எங்கே போகிறது, எதைப் பிடிக்கிறது, எத்தனை குட்டி போடுகிறது, எந்த வண்டிச் சக்கரத்தில் மாட்டுகிறது என்பவையெல்லாம் சுமக்கிறவர் கவலைகள். அவற்றைப் பூனையின் தலையெழுத்து என்று தள்ளிவிடுவது, ஏற்றுக்கொண்ட இடத்தைப் பாதி வழியில் காலி செய்வது.

பொறுப்பு இருக்கிறது என்றாலும், ஒரு பூனை அப்படி என்ன பெரிய சேதம் செய்துவிடும் என்ற கேள்வி வரும். ஒரு பூனையின் கணக்கு சிறியதுதான். எல்லாப் பூனைகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது. உலகெங்கும் பூனைகள் தின்னும் உயிரினங்களைத் தொகுத்த 2023-ஆம் ஆண்டு ஆய்வில் 2,084 இனங்கள் பட்டியலுக்குள் வந்தன. அவற்றில் 347 இனங்கள் பாதுகாப்புக் கவலைக்குரியவை. என் பூனை எதையும் பிடித்து வந்ததே இல்லை என்று சொல்லும் வீட்டாருக்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமரா கட்டிப் பார்த்தபோது, அவற்றில் ஏறக்குறைய பாதி வேட்டையாடுவது தெரிந்தது. பிடித்தவற்றில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அவை வீட்டுக்குக் கொண்டுவந்தன. மற்றவை பிடித்த இடத்திலேயே கிடந்தன, அல்லது தின்னப்பட்டன. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அசைவதைப் பாய்ந்து பிடிப்பது பசியோடு மட்டும் கட்டப்பட்ட பழக்கம் இல்லை. நம் வீட்டு வாசலில் இறகு கிடக்கவில்லை என்பதால் எதுவும் சாகவில்லை என்று ஆகிவிடாது.

இங்கே ஒரு மறுப்பு நியாயமானது. இந்தியா ஆஸ்திரேலியா போன்றதல்ல. நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவைப் போன்றதும் அல்ல. அந்தத் தீவில் 1890-களில் கலங்கரை விளக்கத்தோடு பூனையும் வந்து சேர, சில ஆண்டுகளில் சிறு குருவி இனம் ஒன்று அடியோடு அழிந்தது. நம் பறவைகளோ காட்டுப்பூனையோடும் கீரியோடும் வல்லூறோடும் காலங்காலமாக வாழ்ந்து பழகியவை. பூனையால் இங்கே இனமே அழிந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் தென்சென்னைப் புறநகரின் வரைபடத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 320 ஹெக்டேர் நன்மங்கலம் காப்புக்காட்டை, கைவிடப்பட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தை குடியிருக்கும் காட்டை, எல்லாப் பக்கமும் வீடுகள் நெருங்கிவிட்டன. 2022-இல் ராம்சர் தலமான பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் 365 ஏக்கர் புதர்க்காடு, திரிசூலம் மலைச்சரிவு எல்லாம் கட்டடக் கடலுக்கு நடுவே மிஞ்சிய தீவுகளே. பெரிய காட்டில் ஒரு குருவிக் குடும்பம் அழிந்தால் பக்கத்துப் புதரிலிருந்து இன்னொன்று வந்து நிரப்பும். நான்கு பக்கமும் சாலை சூழ்ந்த துண்டு நிலத்தில் அந்தப் பக்கத்துப் புதர் இல்லை. தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் அரணையும் உலகை விட்டு மறையாமல் இருக்கலாம். ஒரு தெருவை விட்டு, ஒரு நகரை விட்டு மறையலாம். மேலும், ஜீவகாருண்யம் இனக் கணக்குப் பார்த்து வருவதில்லை. கடைசிக் குருவிக்கு மட்டும்தான் வலிக்கும் என்று எந்த அறநூலும் சொல்லவில்லை.

இன்னொரு மறுப்பு ஆழமானது. பூனை வேட்டையாடுவது அதன் சுபாவம், படைத்தவன் வகுத்த வழி. அதில் குறுக்கிட நாம் யார்? சுபாவம் என்பது சரி. காட்டுப்பூனையின் வேட்டையைத் தடுக்க யாரும் போகக் கூடாது. ஆனால் காட்டுப்பூனையை ஒரு கணக்கு கட்டுப்படுத்துகிறது. இரை குறைந்தால் அது பட்டினி கிடக்கும், குட்டிகள் சாகும், எண்ணிக்கை தானே குறையும். இரை மீண்டும் தழைக்கும். வீட்டுச் சோற்றில் வாழும் பூனையை அந்தக் கணக்கு தொடுவதில்லை. ஓணான் குறைந்தாலும் குருவி குறைந்தாலும் அதற்கு மீன் தலை உண்டு. ஆறு மாதத்தில் பருவம் எய்தி, ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றில் நான்கைந்து குட்டிகள் வீதம் அது பெருகுகிறது. இயற்கையின் கட்டுப்பாட்டை நம் கையால் நீக்கிவிட்டு, அதன் பிறகு நடப்பதற்கு மட்டும் இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது நேர்மையாகாது. குறுக்கீடு சோற்றுத் தட்டு வைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது. இனி இருக்கும் கேள்வி அதைப் பொறுப்போடு நடத்துகிறோமா என்பதுதான்.

எலிக்குப் பூனை வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. மழைநீர் வடிகாலும் குப்பைத் தொட்டியும் எலியால் நிறைந்த புறநகரில் இது உண்மையான கவலை. நியூயார்க்கின் புரூக்ளினில் எலிகள் மலிந்த ஒரு கழிவு மறுசுழற்சிக் கிடங்கில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. அத்தனை நாட்களில் பூனைகள் எலிகளைக் கொல்லப் பாய்ந்தது மூன்று முறை, கொன்றது இரண்டே எலிகளை. வளர்ந்த பெருச்சாளி எதிர்த்து நிற்கும். குருவிக் குஞ்சு எதிர்க்காது. பூனைகள் நடமாடும்போது எலிகள் மறைவிடத்தில் பதுங்குவதால், அவை குறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. எலியைக் குறைக்க வழி குப்பையைக் குறைப்பதே. அந்தக் கடமையைப் பூனையின் தலையில் ஏற்றக் கூடாது.

பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கொடுமை இல்லையா என்ற மறுப்புக்கு மதிப்புக் கொடுத்தே விடை சொல்ல வேண்டும். பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகை இன்று இசுலாமியர் வழிபடும் இடம். அந்த மரபில் பூனைக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு பூனையைக் கட்டி வைத்துச் சாகவிட்ட பெண் அதற்காகவே நரகத்துக்கு உரியவள் ஆனாள் என்று நபிமொழித் தொகுப்புகளில் ஒரு செய்தி இருக்கிறது. அவள் குற்றமாக அங்கே சொல்லப்படுவது, உணவும் கொடுக்கவில்லை, தானே தேடித் தின்ன விடவும் இல்லை என்பது. உணவில்லாத அடைப்பே அங்கே கண்டிக்கப்படுகிறது; உணவும் நீரும் அன்பும் கிடைக்கும் வீடு சிறையாகாது. இதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு தரப்பட்ட பூனைகள் வீட்டுக்குப் பிடித்து வரும் இரை 36 சதவீதம் குறைந்தது. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் வேட்டை விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. பூனைக்கு வேண்டியது பாய்வதற்கும் ஏறுவதற்கும் வழி. சன்னலோரப் பலகையும் நூலில் கட்டிய இறகும் வலை அடித்த பால்கனியும் அதைக் கொடுக்கும். ஜிஎஸ்டி சாலையின் வாகனங்களும் தெருநாய்களும் வெறிநோயும் காத்திருக்கும் வெளியைச் சுதந்திரம் என்று அழைத்து, அதில் பூனையை விடுவதே அதற்கு நாம் செய்யும் தீங்கு.

இனி, தகவல் சொல்வது. நம்மில் பலருக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிச் சொன்னால் சண்டை வரும். வாயில்லாப் பிராணியைக் காட்டிக் கொடுத்த பழி வரும். இன்னும் பெரிய அச்சம், சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பது. யாராவது விஷம் வைத்துவிடலாம்; கோணியில் கட்டி ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ விட்டுவிட்டு வரலாம். பூனையைக் கொன்ற பாவம் தீரப் பொன்னால் பூனை செய்து தானம் தர வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடம் இருப்பதால், கொல்ல அஞ்சுகிறவர்கள் கொண்டுபோய் விடுவதைப் பாவமற்ற வழியாக நினைக்கிறார்கள். அது பாவமற்றது அல்ல. பழக்கமில்லாத இடத்தில் அந்தப் பூனை பட்டினியிலோ நாய் வாயிலோ சாகும்; பிழைத்தால் நன்மங்கலத்துக் காட்டோரத்தில் இன்னொரு வேட்டைக்காரனாகும். சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்; விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆவது பிரிவில் குற்றம். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அது மௌனத்துக்குக் காரணமாக முடியாது. தகவல் எந்த நோக்கத்தோடு, யாரிடம், எந்த முறையில் போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

முதலில் அந்தப் பூனையின் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். குற்றமாக அல்ல, செய்தியாக. உங்கள் பூனை எங்கள் மாடியில் குஞ்சு பிடித்தது, இன்று மழையில் நனைந்து படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது, காலில் அடிபட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். காணாமல் போன பூனை வீடு திரும்புவதும் இப்படிப்பட்ட தகவலால்தான். குருவியைக் காக்கிற வாயே பூனையையும் காக்கிறது. வீடு இல்லாத பூனை என்றால் குடியிருப்போர் நலச்சங்கம் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். எந்தத் தெரு, எந்த நேரம், என்ன நிறம், கழுத்துப் பட்டை உண்டா, கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனி நறுக்கப்பட்டிருக்கிறதா, குட்டிகள் உண்டா, யார் சோறு வைக்கிறார்கள் என்ற அளவு போதும். சோறு வைக்கிறவர்தான் அந்தப் பூனையைப் பிடிக்கக் கூடியவர்; அவரைக் குற்றவாளியாக்கினால் கருத்தடைத் திட்டமே நின்றுவிடும். குடும்பக் கட்டுப்பாடு விலங்குக்கும் முடியும் என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே தெருநாய்களுக்கு அதைச் செய்யத் தொடங்கியது. பூனைக்கும் அதே உழைப்பு வேண்டும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி அந்தச் செலவை ஏற்க வேண்டும். இரண்டு வேளைச் சோற்றைப் பூனையோடு பகிர்ந்துகொள்ளும் ஏழைக் குடும்பத்திடம் அறுவைச் சிகிச்சைக் கட்டணத்தைக் கேட்பது அறமாகாது. குஞ்சுகள் தரையிறங்கும் மாதங்களிலாவது வளர்ப்புப் பூனையை வீட்டுக்குள் வைப்பது எல்லோராலும் முடிந்தது.

கடைசி மறுப்பு மனச்சாட்சியைத் தொடுவது. பள்ளிக்கரணையில் பெருங்குடிக் குப்பை மேட்டை எழுப்பியது பூனையா? பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்து துரைப்பாக்கத்துக்குச் சாலை போட்டது பூனையா? மனிதன் செய்த அழிவுக்கு முன்னால் பூனையின் கணக்கு எம்மாத்திரம்? இதில் உள்ள கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் பெரிய பாவத்தைக் காட்டிச் சிறிய பாவத்தைக் கழித்துவிடும் வழக்கம் எந்த அறத்திலும் இல்லை. ஏரியும் சதுப்பும் சுருங்கியதால்தான் மிஞ்சியிருக்கும் குருவிகளுக்கு நம் செம்பருத்திச் செடியும் மொட்டை மாடித் தோட்டமும் அடைக்கலமாயின. அடைக்கலம் தேடி வந்ததை அங்கேயும் சாகவிட்டால், பழைய பாவம் இன்னும் கனக்கும். மேலும், குப்பை மேட்டை அகற்ற அரசு வேண்டும், நீதிமன்றம் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். பூனையை வீட்டுக்குள் வைக்க இன்று மாலையே முடியும். கையில் உள்ளதைச் செய்கிறவர்களுக்குத்தான் பெரியதைக் கேட்கும் தகுதியும் வருகிறது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு, குடிமக்களின் கடமைகளில் ஒன்றாகக் காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பதையும், உயிர்களிடம் இரக்கம் கொள்வதையும் ஒரே உட்பிரிவில் சேர்த்துச் சொல்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட அந்த வரி, பூனையா குருவியா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே கடமையாக வைத்தது. வள்ளலாரும் சமண ஆசிரியர்களும் வேறு வேறு வழிகளில் கேட்டதும் அதையே. கண்ணுக்கு முன்னால் வந்து காலைச் சுற்றும் உயிரிடம் இரக்கம் தானாகச் சுரக்கிறது. அதற்கு அறம் தேவையே இல்லை. நம் மடியில் வந்து உட்காராத, பெயர் வைக்க முடியாத, சத்தமில்லாமல் சாகும் உயிரையும் அந்தக் கணக்கில் சேர்க்கும்போதுதான் இரக்கம் அறமாகிறது. ஆகவே, பூனைக்குச் சோறு வையுங்கள், கருத்தடை செய்யுங்கள், உங்கள் பூனையை வீட்டுக்குள் வையுங்கள், திரியும் பூனையைக் கண்டால் அதற்குரியவரிடம் பேசுங்கள், உங்கள் பூனையைப் பற்றி அக்கம்பக்கத்தார் வந்து சொன்னால் கோபிக்காமல் கேளுங்கள். இந்த ஐந்தும் சேர்ந்ததே ஜீவகாருண்யம். முதலாவதை மட்டும் செய்தால் பாதிக் கடமைதான் முடிந்திருக்கிறது.